மருந்து சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து வாய்க்கு விளங்கலையா?



"என்னத்தா கொழம்பு வச்சிருக்கே? உப்பும் இல்ல, ஒறப்பும் இல்ல. மண்ணைத் திங்கிற மாதிரி இருக்கு." வீட்டில் ஒருவர் சர்க்கரைக்கோ பிரஷருக்கோ டி.பி.க்கோ மாத்திரை சாப்பிட ஆரம்பித்தால், கொஞ்ச நாளில் இந்தப் பேச்சைக் கேட்கலாம். அதே குழம்பை மற்ற எல்லோரும் நன்றாகத்தான் சாப்பிட்டிருப்பார்கள். சமைத்தவளுக்குக் கோபம் வரும். "நானும் காலையில இருந்து அடுப்படியிலதான் கெடக்கேன் அத்தை. எனக்கு நல்லாத்தான் இருக்கு, உங்களுக்கு மட்டும் எப்படி நல்லா இல்லாமப் போகும்?" என்பாள். பெரியவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார். வீட்டில் இரண்டு நாளைக்குப் பேச்சு இருக்காது.

இரண்டு பேர் சொல்வதுமே உண்மை. குழம்பில் உப்பு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சாப்பிட்டவரின் நாக்குக்கு அது தெரியவில்லை. நோயும் சரி, சில மருந்துகளும் சரி, சுவையை மாற்றிவிடும். இது பிடிவாதமும் இல்லை, சமையல் குற்றமும் இல்லை. உடம்பில் நடக்கிற ஒரு மாற்றம்.

சண்டையோடு போனால் பரவாயில்லை. "இந்த மாத்திரை தின்னதுல இருந்துதான் வாயே கசக்குது" என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேறு சிலர் மாத்திரையை விடுவதில்லை, சோற்றை விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே ஆளை முடக்கிவிடும். அதனால்தான் இந்த மாதம் இதைப் பற்றி எழுதுகிறோம்.

நாக்கில் என்ன நடக்கிறது?

நாக்கில் சிறு சிறு மொட்டுகள் உள்ளன. அவற்றுக்குள் இருக்கும் செல்கள்தான் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு எல்லாவற்றையும் அறிந்து மூளைக்குச் சொல்கின்றன. இந்தச் செல்கள் அதிக நாள் இருப்பதில்லை. பழையது போய்ப் புதியது வளர சுமார் 10 நாள் முதல் இரண்டு வாரம் ஆகும். உடம்பில் சத்துக் குறைந்தாலோ, கடுமையான மருந்து ஏறினாலோ புதுச் செல்கள் சரியாக வளராது. அப்போது சுவை மங்கும்.

எச்சிலும் முக்கியம். சாப்பாடு எச்சிலில் கரைந்தால்தான் நாக்குக்கு ருசி தெரியும். வாய் காய்ந்து கிடந்தால் என்ன போட்டாலும் சக்கைதான். சில மாத்திரைகள் வாயைக் காய வைத்துவிடும். சில மருந்துகள் ரத்தத்தில் கலந்து எச்சில் வழியாகவே வாய்க்கு வந்து கசப்பைத் தரும். மாத்திரையை விழுங்கித்தானே விடுகிறோம், பிறகு எப்படி நாள் முழுக்கக் கசக்கும் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

மூன்றாவது மூக்கு. ருசி என்று நாம் சொல்வதில் பெரும் பங்கு மணம்தான். சளி பிடித்தால் ரசம் வெந்நீர் மாதிரி இருப்பது அதனால்தான். 2020-இல் கொரோனா வந்தபோது பலருக்கு மணமும் ருசியும் ஒன்றாகப் போனதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காரத்தை நாம் அறுசுவையில் ஒன்றாகச் சேர்க்கிறோம். ஆனால் மிளகாயின் காரத்தை அறிவது சுவை மொட்டு இல்லை. சூடு, எரிச்சலை உணர்கிற நரம்பு. அதனால் ருசி போன பிறகும் காரம் மட்டும் தெரியும். "காரமாவது தெரியுதே" என்று ஊறுகாயும் மிளகாய்ப் பொடியுமாகச் சாப்பிட்டு, கடைசியில் வயிற்றெரிச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார்கள்.

எந்த மருந்து என்ன செய்யும்?

சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையில் சிலருக்கு வாயில் இரும்பு வாடை அடிக்கும். காசை நாக்கில் வைத்த மாதிரி இருக்கும் என்பார்கள். குமட்டலும் இருக்கலாம். சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட உடனே போட்டால் வயிற்றுத் தொந்தரவு குறையும். பலருக்குச் சில வாரங்களில் பழகியும் விடும். பழகாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையாக மாற்றித் தர முடியும். (அந்த வகை மாத்திரையை உடைத்தோ பொடித்தோ சாப்பிடக் கூடாது.) பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவருக்கு நாக்கு வழவழவென்று சிவந்து எரிந்தால், பி12 வைட்டமின் குறைந்திருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

சீதபேதி, பல் சீழ், பெண்களுக்கு வரும் சில வகை வெள்ளைப்படுதல் இவற்றுக்கு மெட்ரோனிடசோல் மாத்திரை எழுதுவார்கள். அதைச் சாப்பிடுகிற நாட்களில் வாய் கசந்து வழியும். மாத்திரை முடிந்ததும் தானே சரியாகிவிடும். கசப்புக்குப் பயந்து பாதியில் விட்டால் நோய் திரும்ப வரும்.

பிரஷருக்குக் கொடுக்கும் கேப்டோபிரில், எனலாப்ரில் வகை மாத்திரைகளிலும் சிலருக்குச் சுவை மாறும். கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்புச் சத்து மாத்திரையிலும் இரும்பு வாடை வரும். அதை இரவு சாப்பாட்டுக்குப் பின் போட்டுப் படுத்துவிட்டால் பாதி தொந்தரவு தெரியாது. டீ, காபி, பால் இவற்றோடு மட்டும் வேண்டாம். சத்து உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாறு குடித்தால் நல்லது.

எந்த மாத்திரையாக இருந்தாலும் நாமாக நிறுத்தக் கூடாது. மாற்று மருந்து பல நேரம் இருக்கிறது. சொன்னால்தானே மருத்துவருக்குத் தெரியும்? "இதையெல்லாம் போய் டாக்டர்கிட்ட சொல்றதா" என்று நம் பெண்கள் வாயை மூடிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். சொல்ல வேண்டிய விஷயம்தான் இது.

டி.பி. வந்தவருக்குச் சோறுதான் பாதி மருந்து

டி.பி.யைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். இந்த நோயே பசியைக் கொல்லும், உடம்பை உருக்கும். அதற்கு மேல் மாத்திரையும் குமட்டும். வாய்க்கு விளங்காமல் போவது இதில் சாதாரணம். ஆனால் இந்த நோயில் சாப்பிடாமல் இருப்பது மிக ஆபத்து.

ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2019 முதல் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் பங்கெடுத்தது. முடிவு 2023-இல் வெளிவந்தது. நோயாளிகளுக்கு மாத்திரையோடு மாதாமாதம் அரிசி, பருப்பு, எண்ணெய், பால் பவுடர் என்று உணவுப் பொருளும் கொடுத்தார்கள். முதல் இரண்டு மாதத்தில் தன் எடையில் நூற்றுக்கு 5 பங்கு ஏறியவர்களிடம் இறப்பு சுமார் 60 சதவீதம் குறைவாக இருந்தது. கணக்காகச் சொன்னால், 40 கிலோ இருக்கும் பெண் இரண்டு மாதத்தில் 2 கிலோ ஏறினால் போதும். அந்த 2 கிலோ அவ்வளவு பெரிது.

இதற்காகத்தான் சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கென்று மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1000 ரூபாய் ஆனது. நோயாளியின் வங்கிக் கணக்குக்கே வரும். வரவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அந்தப் பணத்தை முட்டைக்கும் பருப்புக்கும் நிலக்கடலைக்கும்தான் செலவழிக்க வேண்டும். சீட்டுக் கட்டவும் வட்டி கட்டவும் எடுத்துவிடாதீர்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது!

ஒரு எச்சரிக்கை. டி.பி. மாத்திரை சாப்பிடும்போது சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் நிறம். அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் கண் மஞ்சளாவது, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுவது, விடாத வாந்தி, வலது பக்க மேல் வயிற்றில் வலி, சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போவது, இப்படி இருந்தால் அது வெறும் வாய்க் கசப்பு இல்லை. ஈரல் பாதிக்கப்பட்டிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நாளைக்கு என்று தள்ளக் கூடாது.

அடுப்படியில் என்ன செய்யலாம்?

முதலில் வாயைச் சுத்தம் செய்யுங்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா கலந்து வைத்துக்கொண்டு, சாப்பிடுவதற்கு முன்பும் பின்பும் கொப்பளித்துத் துப்ப வேண்டும். விழுங்கக் கூடாது. தினமும் புதிதாகக் கலக்குங்கள். நாக்கை மெதுவாக வழித்தால் போதும், ரத்தம் வர வழிக்காதீர்கள். கட்டுப்பல் இருந்தால் இரவில் கழற்றிக் கழுவி வைக்க வேண்டும். வெற்றிலையோடு புகையிலை போடுகிற பழக்கம் இருந்தால் அதுவே நாக்கை மரத்துப் போகச் செய்யும். எத்தனை வைத்தியம் செய்தாலும் அதை விடாமல் பலன் இருக்காது.

இரும்பு வாடை அடிப்பவர்கள் எவர்சில்வர் ஸ்பூனில் சாப்பிட வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்வார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை, கையால்தான் சாப்பிடுகிறோம். தட்டுக்குப் பதில் வாழை இலையில் போட்டுக் கொடுத்துப் பாருங்கள். தண்ணீரை மண்பானையிலிருந்து கண்ணாடி டம்ளரில் கொடுங்கள்.

ஆட்டுக்கறியும் கோழியும் கசக்கிறது என்பார்கள். வற்புறுத்த வேண்டாம். முட்டை, மீன், தயிர், பாசிப்பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல், வேகவைத்த நிலக்கடலை என்று மாற்றிக் கொடுங்கள். சத்து அதிலும் இருக்கிறது.

"சப்புன்னு இருக்கு" என்பவருக்கு உப்பைக் கூட்டாமல் மணத்தையும் புளிப்பையும் கூட்டுங்கள். எலுமிச்சை பிழிந்த சாதம், புதினாத் துவையல், கறிவேப்பிலைப் பொடி, இஞ்சி தட்டிப் போட்ட மோர், மிளகு ரசம், கொத்தமல்லி. வாயில் புண் இருந்தால் மட்டும் புளிப்பும் காரமும் வேண்டாம். அவர்களுக்குத் தயிர் சாதம், பாசிப்பருப்புக் கஞ்சி, மசித்த வாழைப்பழம்.

குமட்டல் இருப்பவர்களுக்குச் சூட்டோடு ஆவி பறக்கக் கொடுக்காதீர்கள். ஆறின சாப்பாட்டில் வாடை குறைவு. தாளிக்கும்போது அவரை வெளித் திண்ணையில் காற்றோட்டமாக உட்கார வையுங்கள். மூன்று வேளை தட்டு நிறைய வைப்பதற்குப் பதில் ஐந்தாறு வேளையாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பாதி பேருக்கு நிறைந்த தட்டைப் பார்த்தாலே வெறுப்பு வரும். கொஞ்சமாகச் சாப்பிட்டாலும் அதில் சத்து இருக்க வேண்டும். வெறும் அரிசிக் கஞ்சி வயிற்றை நிரப்பும், உடம்பைத் தேற்றாது. அதில் வறுத்த பாசிப்பருப்பு, பொடித்த நிலக்கடலை, ஒரு கரண்டி நல்லெண்ணெய், முருங்கைக்கீரை சேருங்கள்.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்கிறவர்கள் வீட்டில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். "பாவம், இன்னைக்கு மருந்து ஏத்திட்டு வந்திருக்கா, பிடிச்ச மீன் கொழம்பு வச்சுக் கொடுப்போம்" என்று பாசத்தில் செய்வோம். அன்றைக்கு வாந்தி வந்தால் அவள் மனம் மீன் குழம்பையும் வாந்தியையும் முடிச்சுப் போட்டுவிடும். அப்புறம் மாதக்கணக்கில் அந்தக் குழம்பைப் பார்க்கவே பிடிக்காது. பிடித்த சாப்பாட்டை நல்ல நாளுக்கு வையுங்கள். மருந்து ஏற்றும் நாளில் இட்லி, ரொட்டி, கஞ்சி போதும். வெள்ளை அணு குறைந்திருக்கிறது என்று சொல்லியிருந்தால் பழைய சோறு, பச்சைக் காய்கறி இவற்றை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். வாய், தொண்டைக்குக் கதிர்வீச்சு வைத்தவர்களுக்கு எச்சிலே குறைந்துவிடும். எல்லாவற்றையும் ரசம், மோர், குழம்பு ஊற்றித் தளர்வாகப் பிசைந்து கொடுங்கள். ருசி திரும்பப் பல மாதம் ஆகும். பெரும்பாலானவர்களுக்குப் படிப்படியாகத் திரும்பும் என்பதை அவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருங்கள்.

உப்பும் சர்க்கரையும் போடும் கண்ணி

நாக்கு மங்கினால் கை தானாக உப்பு ஜாடிக்குப் போகும். பிரஷர் இருப்பவருக்கு அதுதான் கேடு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு சேர வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன். குழம்பு, ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இதற்குள் அடக்கம். உப்பைக் குறைத்தால் முதலில் சப்பென்று இருக்கும். சில வாரத்தில் நாக்கு பழகிவிடும். அதே போல் டீயில் இனிப்புத் தெரியவில்லை என்று சர்க்கரை நோயாளி இன்னொரு ஸ்பூன் போட்டால், மாத்திரை சாப்பிட்டும் பிரயோஜனம் இல்லை. கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.

சமைக்கிறவளுக்கே ருசி போனால்?

மாமனார் வாய் கசக்கிறது என்றால் வீடே கவலைப்படுகிறது. வீட்டுப் பெண்ணுக்கு வாய் கசந்தால் யாருக்கும் தெரிவதில்லை. காய்ச்சலோடும் குமட்டலோடும் அவளேதான் எல்லோருக்கும் பொங்கிப் போடுகிறாள். உப்புப் பார்க்க முடிவதில்லை. உப்புக் கரித்தால் திட்டும் வாங்குகிறாள். எல்லோரும் சாப்பிட்டு மீந்ததைச் சாப்பிடும் வழக்கத்தில், பிடிக்கவில்லை என்று அவள் பட்டினியாகப் படுப்பதும் யார் கண்ணிலும் படுவதில்லை. எடை குறைந்த பிறகுதான் "என்னம்மா இப்படி எளைச்சுட்டே" என்று கேட்பார்கள்.

அப்படிப்பட்ட சகோதரிக்கு: உப்பை இனி நாக்கால் பார்க்காதீர்கள். ஸ்பூனால் அளந்து போடுங்கள். ஒரு படி பருப்புக் குழம்புக்கு எத்தனை ஸ்பூன் என்று ஒரு முறை மகளை ருசி பார்க்கச் சொல்லி முடிவு செய்துகொண்டால் தினமும் அதே அளவு. உங்கள் பங்கை முதலிலேயே எடுத்து மூடி வையுங்கள். குமட்டல் அதிகமான நாட்களில் தாளிப்பையும் மீன் கழுவுவதையும் கணவரோ பிள்ளைகளோ செய்யட்டும். கை தேய்ந்துவிடாது. மணம் தெரியாதவர்களுக்கு இன்னும் இரண்டு கவனம் வேண்டும். மாவும் பாலும் கெட்டுப்போனது உங்களுக்குத் தெரியாது, வீட்டில் வேறு ஒருவர் மோந்து பார்த்துச் சொல்ல வேண்டும். கேஸ் கசிந்தாலும் தெரியாது. சமைத்து முடித்ததும் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள்.

சளிக் காய்ச்சல், கொரோனாவுக்குப் பிறகு மணம் திரும்பாதவர்களுக்கு ஒரு பயிற்சி உண்டு. கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, நீலகிரித் தைலம் இந்த நான்கையும் தனித்தனிச் சின்ன டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். காலையும் இரவும் ஒவ்வொன்றையும் 20 வினாடி மெதுவாக மோந்து, அந்த மணம் முன்பு எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். செலவு அதிகம் இல்லை, பொறுமைதான் வேண்டும்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு?

நாக்கில், கன்னத்தின் உட்புறத்தில் தயிர் ஒட்டின மாதிரி வெள்ளைப் படலம் இருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கும், ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் இழுப்பவர்களுக்கும் வரும். மருந்துக்குக் கேட்கும். இன்ஹேலர் இழுத்த பிறகு ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணை, அதிலும் புகையிலை போடுகிறவர்கள், உடனே காட்ட வேண்டும். திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணினால் யோசிக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள். வாய்க் கசப்புக்கு என்று கடையில் டானிக்கும் துத்தநாக மாத்திரையும் நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். சத்துக் குறைவு இருக்கிறது என்று தெரிந்த பிறகு வாங்கினால் போதும்.

குழுக்களில் செய்யக் கூடியது ஒன்று உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது, வீடு வீடாகச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொண்டுபோகும் வேலைக்கு நம் குழுப் பெண்களைத்தான் எடுத்தார்கள். மாத்திரையை யார் சரியாகச் சாப்பிடுகிறார்கள், யார் அட்டையோடு பரணில் வைத்திருக்கிறார்கள் என்பது அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத்தான் முதலில் தெரியும். அடுத்த கூட்டத்தில் சேமிப்பும் கடன் தவணையும் எழுதி முடித்த பிறகு, "யாருக்காவது மாத்திரையால வாய்க்கு விளங்காம இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இருப்பவரை மாதம் ஒரு முறை துணை சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ எடை பார்க்கச் சொல்லி, தேதியோடு குழு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது அந்த எடைக் கணக்கையும், சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும். நாட்டு மருந்து, டானிக் இருந்தால் அதையும். கசப்பா, இரும்பு வாடையா, ஒன்றுமே தெரியவில்லையா, எந்த மாத்திரை ஆரம்பித்து எத்தனை நாளில் வந்தது என்று முதல் நாளே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் நின்று உள்ளே போனால் அங்கே பேசக் கிடைப்பது இரண்டு நிமிடம்தான்.